பாதியில் நிற்கும் மெட்டு

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேலே உள்ள மாடி அறையில்தான் எட்மண்டின் கிட்டார் வகுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தவர்கள் உடனே கிட்டாரைக் கையில் எடுத்துவிட முடியாது. அந்த வாரம் கேட்டுக்கொண்டிருந்த இசையில் ஒரு துண்டை ஆளுக்கொருவராகப் போனிலிருந்து போட்டுக் காட்ட வேண்டும். அப்புறம்தான் பாடம். "நீங்க என்ன கேக்குறீங்கன்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்" என்பார் எட்மண்ட்.

அன்றைக்கு முதலில் அச்சுதன் ஒரு வயலின் கச்சேரியைப் போட்டார். விமானப்படை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வாரமும் அவர் வயலினைத் தவிர வேறெதையும் போட்டதில்லை. பிறகு ஏன் கிட்டார் கற்க வந்தார் என்று யாரும் கேட்டதுமில்லை. அடுத்தது ஜென்சி, வங்கியில் வேலை செய்பவள். எங்கோ ஒரு சபையில் கைதட்டிப் பாடிய துதிப்பாட்டைப் போட்டுவிட்டு அவளும் கூடவே முணுமுணுத்தாள். மூன்றாவதாக கிரீஷ். கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வரும் ஐ.டி. பையன்.

"இது ரீல்ஸ்ல வந்துச்சு சார். ஒரு பொண்ணு, தனி கிட்டார். இந்த வாரம் பூரா இதைத்தான் கேட்டுட்டிருக்கேன்" என்று சொல்லி, போனை ஸ்பீக்கரில் இணைத்தான்.

முதல் அடி முடிவதற்குள், தன் முறைக்குக் காத்திருந்த சரோஜினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அது அவளுடைய மெட்டு.

சரோஜினி தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம், எட்மண்ட் பயிற்சிக்குக் கொடுத்த கார்டுகளை, அந்த விரல் பிடிகளை, மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்த மெட்டு தானாக வந்து விரலில் உட்கார்ந்தது. மூன்று அடிகள் சீராக ஏறி இறங்கும். நான்காவது அடி பாதியில் நின்றுவிடும். ஒரு மூச்சு இழுக்கிற அளவுக்கு மௌனம். பிறகு மெட்டு வேறொரு இடத்திலிருந்து, தாழ்ந்த தந்தியில், எதுவும் நடக்காதது போலத் தொடங்கும். அந்த நிறுத்தத்தை முதல் தடவை வாசித்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யார் யாரோ கண்டுபிடித்த சூத்திரங்களை வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்தவள். தானாக ஒன்றைச் செய்தது அதுவே முதல் தடவை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதன் ருசி குறைந்துவிடும் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் கை பழகட்டும், பிறகு வகுப்பில் வாசித்துக் காட்டலாம் என்று பொத்தி வைத்திருந்தாள்.

இப்போது அதே மெட்டு, அதைவிடப் பத்து மடங்கு சுத்தமாக, எவளோ ஒரு பெண்ணின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். நான்காவது அடி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் முடிந்தது.

திருடின வண்டிக்கு நம்பர் பிளேட்டை மாற்றுவது போலத்தான், என்று நினைத்தாள் சரோஜினி.

"யாருப்பா இந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"தெரியல மேடம். விஷ்ணுப்ரியான்னு போட்டிருக்கு. நல்லா இருக்குல்ல?"

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான் கிரீஷ். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் அதிகமாகவே நீண்டது போலிருந்தது.

தன் முறை வந்தபோது சரோஜினி எதையோ போட்டாள். என்ன போட்டோம் என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தபோது ஞாபகம் வரவில்லை. ஷேர் ஆட்டோ கேம்ப் ரோட்டில் நெரிசலில் நின்றிருந்தது. அவள் மனம் ஒரு மழை நாளுக்குப் போயிருந்தது. அன்றைக்கு மழையில் மற்றவர்கள் வரத் தாமதமாயிற்று. எட்மண்ட் கீழே கடையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மாடியில் அவளும் கிரீஷும் மட்டும். அவன் போனில் மூழ்கிக் கிடக்கிறான் என்ற தைரியத்தில் அந்த மெட்டை மெதுவாக வாசித்துப் பார்த்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவன் போன் மடியில் நிமிர்ந்து இருந்தது. திரை வெளிச்சமாக இருந்தது.

வீட்டில் அவள் கணவர் சுந்தர்சிங் ஹாலில் சாய்ந்து உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். "கிளாஸ் எப்படி?" என்று நிமிராமலே கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்றாள். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெண்ணைத் தேடினாள்.

கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. இருபது வயது இருக்கும். முடியை உச்சியில் கொண்டை போட்டிருந்தாள். பின்னால் ஜன்னல் கம்பி, அதற்கப்பால் மின்சார ரயில் போகிற சத்தம். இந்தப் பக்கத்துப் பெண்தான், சந்தேகமே இல்லை. வீடியோ இந்த மாதம் போட்டது. கீழே புகழ்ச்சியாகக் கொட்டிக் கிடந்தது. அழுதுவிட்டேன் என்று ஒருவர். எங்கிருந்து வருகிறது இதெல்லாம் உனக்கு என்று இன்னொருவர்.

இன்னும் கீழே போனாள். அங்கே கிரீஷின் பெயர் இருந்தது. 'முழுசா ஒரு வெர்ஷன் போடுங்க' என்று எழுதியிருந்தான். அதற்கு அந்தப் பெண்ணின் பதில்: 'கண்டிப்பா, கிரீஷ் அண்ணா.'

தெரியல மேடம் என்றானே. தெரியாதவளா அண்ணா என்று கூப்பிடுகிறாள்?

சரோஜினி அவசரப்படுகிறவள் இல்லை. விடைத்தாளில் இரண்டு பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்திருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தீர விசாரித்துவிட்டுத்தான் கூப்பிடுவாள். அதனால் எல்லோரையும் கவனிப்பது என்று முடிவு செய்தாள்.

கவனிக்கத் தொடங்கினால் எல்லோரிடமும் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. அடுத்த சனிக்கிழமை ஜென்சி தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தாள்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் கிரீஷ் போட்டாரேக்கா. மண்டைக்குள்ள ஒட்டிக்கிச்சு, போகவே மாட்டேங்குது."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரே ஒரு தடவை கேட்டு இவ்வளவு சரியாக வருமா? எட்மண்டைப் பற்றியும் யோசித்தாள். பாடங்களைப் பதிவு செய்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவர் வழக்கம். மேசை ஓரத்தில் அவர் போன் எப்போதும் திறந்த காதாகக் கிடக்கும். ஆனால் வகுப்பு நேரத்தில் அவள் அதை வாசித்ததே இல்லையே. அச்சுதன் வேறு அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த ட்யூனை நான் எங்கயோ கேட்டிருக்கேம்மா. கிரீஷ் போடுறதுக்கு முன்னாடியே. எங்கேன்னுதான் பிடிபடல" என்றார்.

"எங்க சார் கேட்டிருப்பீங்க?"

"அதான் தெரியலயே."

என்னிடம்தான் கேட்டிருப்பார், மாடிப்படியில் ஏறி வரும்போது, என்று சரோஜினி சொல்லிக்கொண்டாள். இப்போது தெரியாதது போல இருக்கிறார். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்றெல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்றை மறைப்பதாக அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. வகுப்புக்குப் போகும்போது முன்பெல்லாம் மனம் லேசாக இருக்கும். இப்போது பரீட்சை மேற்பார்வைக்குப் போவது போல இருந்தது. வீட்டில் கிட்டாரைத் தொட்டால் அந்த மெட்டின் பக்கம் விரல் போகும். உடனே கையை இழுத்துக்கொள்வாள். தன் வீட்டிலேயே அதை வாசிக்கப் பயமாக இருந்தது.

எப்படிச் சுற்றினாலும் எண்ணம் கிரீஷிடம்தான் வந்து நின்றது. அவனை ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அந்த வாரம் தீர்மானித்தாள்.

ரயில் நேரத்தால் கிரீஷ் எப்போதும் சீக்கிரம் வந்துவிடுவான். அந்தச் சனிக்கிழமை அவளும் சீக்கிரமே போனாள். எட்மண்ட் இன்னும் வரவில்லை. கிரீஷ் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அவள் கிட்டாரை எடுத்து, வீட்டிலேயே யோசித்து வைத்திருந்த ஒரு துண்டை வாசித்தாள். வேண்டுமென்றே கோணலாகச் செய்தது. வேறு யாருக்கும் தானாகத் தோன்றவே தோன்றாது.

கிரீஷ் நிமிர்ந்தான். கொஞ்சம் தயங்கினான். "மேடம், அதை இன்னொரு தடவை வாசிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, போனை அவள் பக்கம் நீட்டிப் பிடித்தான்.

பரீட்சை ஹாலில் ஒரு பையன் சட்டைக்கைக்குள்ளிருந்து பிட்டை உருவுவதைப் பார்த்துவிட்டால், அது முழுசாக வெளியே வரும் வரை அவள் அசைய மாட்டாள். இப்போதும் அப்படித்தான். நிதானமாக, கடைசி வரை, அவனுக்காக இன்னொரு முறை வாசித்தாள்.

"தேங்க்ஸ் மேடம்" என்றான் கிரீஷ். காது மடல் சிவந்திருந்தது.

மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். வழக்கம்போல ஒவ்வொருவராகப் போட்டார்கள். சரோஜினியின் முறை வந்ததும் அவள் போனை ஸ்பீக்கரில் இணைத்து விஷ்ணுப்ரியாவின் வீடியோவை ஓடவிட்டாள்.

"இதைத்தான் நான் கேட்டுட்டிருக்கேன். மூணு வாரமா" என்றாள்.

முடிந்ததும் கிட்டாரை எடுத்து, அதே மெட்டைத் தன் கையால் வாசித்தாள். நான்காவது அடியின் நிறுத்தத்தோடு. ஜென்சி கைதட்டப் போனாள், சரோஜினியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"இது நான் போட்ட மெட்டு சார். போன லீவுல. யாருக்கும் வாசிச்சுக் காட்டினதில்ல. மழை பெஞ்ச அன்னிக்கு இந்த ரூம்ல நானும் கிரீஷும் மட்டும்தான் இருந்தோம். அப்போ வாசிச்சேன். இப்போ அது அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு."

"மேடம், என்ன சொல்றீங்க?" கிரீஷ் எழுந்துவிட்டான்.

"இன்னிக்கும் ரெக்கார்ட் பண்ணின. இல்லன்னு சொல்லு பாப்போம்."

"பண்ணேன். ஆனா அது..."

"அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாதுன்ன. அவ உன்னை அண்ணான்னு கூப்பிடுறா. நான் படிச்சேன்."

"ஐயோ, அது எல்லாரையும் அப்படித்தான் மேடம் கூப்பிடுவாங்க. என் பேரு அதுலயே இருக்கே."

"சிஸ்டர், கொஞ்சம் உக்காருங்க. பேசிக்கலாம்" என்றார் எட்மண்ட்.

சரோஜினி உட்காரவில்லை. "உன் போனைக் காட்டு. என்ன எடுத்தேன்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

கிரீஷ் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. காட்டாதது ஒன்றே போதும் என்று சரோஜினி நினைத்தாள். அவன் கிட்டாரை உறையில் வைத்து ஜிப்பை இழுத்தான். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். கொஞ்ச நேரத்தில் எல்லோர் போனும் ஒன்றாக அதிர்ந்தது. கிரீஷ் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

அன்று பாடம் நடக்கவில்லை. சரோஜினி ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தாள். ஆனால் போட்ட காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டாள். மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் விஷ்ணுப்ரியாவுக்கு எழுதினாள். மரியாதையாகத்தான் எழுதினாள்: தான் ஒரு ஆசிரியை, அந்த மெட்டு தன்னுடையது, அது யார் மூலம் வந்தது என்று தெரியும், உண்மையைச் சொன்னால் பிரச்சினை செய்ய மாட்டேன்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணே அழைத்தாள்.

"மேம், நீங்க யாரு? அந்த ப்ரமோட்டர் ஆபீஸ்ல இருந்து பேசுறீங்களா?"

"எந்த ப்ரமோட்டர்? நான் டீச்சர்மா. கிரீஷ் உனக்கு என்ன அனுப்பினான்?"

"கிரீஷா? யாரு கிரீஷ்?"

வகுப்பையும் அந்த மழை நாளையும் சரோஜினி சொன்னாள். விஷ்ணுப்ரியாவின் குரல் மாறியது. அதுவரை இருந்த பயம் போய், சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

"மேம், நீங்க கிட்டார் வாசிக்க ஆரம்பிச்சு எவ்ளோ நாள் ஆச்சு?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏன்?"

"நான் இந்த ட்யூனை யூடியூப்ல போட்டது காலேஜ் செகண்ட் இயர் படிக்கிறப்போ. இப்போ வேலைக்கே போயிட்டேன். ரீல்ஸ்லதான் இப்போ திரும்பப் போட்டேன். பழைய லிங்க் அனுப்புறேன், தேதி பாருங்க. நீங்க இதை உங்க பேர்ல எங்கயாவது போட்டிருக்கீங்களா?"

லிங்க் வந்தது. சரோஜினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அதே பெண், இன்னும் ஒல்லியாக, அதே ஜன்னல். தேதி, சரோஜினி கிட்டார் வாங்குவதற்கு ரொம்ப முன்னால். விரலால் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தாள்.

"நான் எங்கயும் போடலம்மா. ஆனா நான்தான் செஞ்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. யார்கிட்டயும் கேட்டு வாசிக்கல" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு பரிதாபமாக ஒலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இந்தக் குரலில்தான் பேசும்.

விஷ்ணுப்ரியா பெருமூச்சு விட்டாள். "மேம், அது எங்கெங்கயோ போயிடுச்சு. எங்க வீடு ஊரப்பாக்கம். இங்க ஒருத்தர் கூடுவாஞ்சேரி சைடு பிளாட் போட்டு விக்கிறார். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சவர். விளம்பரத்துக்கு வேணும்னு கேட்டார், குடுத்தேன். அவரோட எல்லா வீடியோலயும் அதைப் போட்டுட்டார். என் பேரு எதுலயும் இல்ல. நீங்க அங்க கேட்டிருக்கலாம்."

"நான் பிளாட் வீடியோ எல்லாம் பாக்கறதில்லம்மா."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஹாலிலிருந்து சுந்தர்சிங் இருமும் சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு அவரிடம் போனாள். "என்னங்க, நீங்க பாப்பீங்களே, கூடுவாஞ்சேரி பிளாட் வீடியோ. அதைக் கொஞ்சம் போடுங்க."

சுந்தர்சிங் முகம் மலர்ந்தது. மனைவி இதில் அக்கறை காட்டுவது இதுவே முதல் தடவை. ஓய்வு பெற்றதிலிருந்து அவர் தினமும் அந்த வீடியோக்களைப் பார்ப்பார். மனை வாங்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். வேறொருவருக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவருக்கு அது. "இதோ, இந்த லேஅவுட்தான் சரோ, கிழக்கு பாத்த மனை" என்று சத்தத்தைக் கூட்டினார்.

செம்மண் வெளியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எல்லைக்கல்லைக் காட்டிக்கொண்டு நடந்தார். அவர் பேச்சுக்கு அடியில் கிட்டார் ஓடியது. முதல் அடி. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது அடி பாதியில் வெட்டுப்பட்டது. இசை சுத்தமாக நின்ற இடத்தில், "உடனே அழையுங்கள்!" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். திரையில் போன் நம்பர் வந்தது. பிறகு மெட்டு வேறோர் இடத்திலிருந்து, தாழ்ந்த தந்தியில், எதுவும் நடக்காதது போலத் தொடங்கியது.

அவள் உடம்பைச் சிலிர்க்க வைத்த அந்த நிறுத்தம், எவனோ ஒருவன் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியது.

"நீகூட சமையல்கட்டுல நின்னுகிட்டு இதை முணுமுணுப்பியே" என்றார் சுந்தர்சிங். "உனக்கும் இந்த லேஅவுட் பிடிச்சிருக்கு போலன்னு நினைச்சேன்."

சரோஜினி சோபாவில் உட்கார்ந்தாள். எத்தனையோ சாயங்காலங்கள் தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே இது காதுக்குள் போயிருக்கிறது. தனக்கே தெரியாமல் உள்ளே கிடந்து, ஒரு மத்தியானம் தன்னுடையது போல வெளியே வந்திருக்கிறது. அச்சுதனும் இப்படித்தான் எங்கோ கேட்டிருக்கிறார். அவர் பாவம், உள்ளதைத்தான் சொன்னார். அழுகை வரவில்லை. வெட்கம்தான் கழுத்து வரைக்கும் ஏறியது. கிரீஷ் ஜிப்பை இழுத்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது.

விஷ்ணுப்ரியாவைத் திரும்ப அழைத்து நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. பிறகு, நீங்கள் வாசிப்பதை அனுப்புங்கள் பார்க்கலாம் என்றாள். அனுப்பினாள். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: 'அந்த இடத்துல நிறுத்துறது நல்லாத்தான் இருக்கு மேம். நான் அப்படி யோசிச்சதில்ல. ஆனா தயவுசெஞ்சு எங்கயும் போடாதீங்க.' அந்தக் கடைசி வரியை சரோஜினி நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள்.

கிரீஷ்தான் போனை எடுக்கவே இல்லை. செய்தி அனுப்பினாள், பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை. ஜென்சிதான் அவன் ஆபீஸ் விட்டுத் தாம்பரத்தில் எந்த ரயிலில் ஏறுவான் என்று சொன்னாள். ஸ்கூல் முடிந்த கையோடு சரோஜினி ஸ்டேஷனுக்குப் போய், செங்கல்பட்டு வண்டி நிற்கும் பிளாட்பாரத்தில் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் அவனைப் பார்த்தபோது அவனும் பார்த்துவிட்டான். திரும்பிப் போகவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

"கிரீஷ், தப்பு என்மேலதான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பிளாட் விளம்பரத்தைச் சொன்னபோது அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"ட்யூன் உங்களோடதுன்னு நினைச்சீங்க. அது பரவாயில்ல மேடம். யாருக்கு வேணா வரும். என்கிட்ட தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மூணு வாரம் பக்கத்துல உக்காந்து பாத்துகிட்டே இருந்திருக்கீங்க. அதை நினைச்சாத்தான் ஒரு மாதிரி இருக்கு."

"கேட்டிருக்கணும்."

அவன் போனை எடுத்து ஒரு வீடியோவைத் திறந்து அவளிடம் நீட்டினான். அன்றைக்கு எடுத்தது. அதில் அவள் முகம் இல்லை. இடது கை மட்டும், தந்திகளின் மேல் வளைந்து கிடந்தது.

"எனக்கு எஃப் கார்டு வரவே மாட்டேங்குது. எட்மண்ட் சார்கிட்ட எத்தனை தடவை கேக்கறது? நீங்க ஈசியா பிடிக்கிறீங்க. கட்டைவிரலை எங்க வெக்கிறீங்கன்னு பாக்கத்தான் எடுத்தேன்."

"இதை அன்னிக்கே காட்டியிருந்தா..."

"நீங்க அப்படிக் கேட்டப்புறம் எப்படி மேடம் காட்டறது? காட்டினா, திருடன் சோதனைக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல."

ரயில் வந்தது. ஜனம் முட்டிமோதி ஏறியது. "கிளாசுக்கு வாப்பா" என்றாள் சரோஜினி. "பாக்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு அவனும் ஏறினான். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தானா என்று கூட்டத்தில் தெரியவில்லை.

அன்றிரவே குழுவில் எழுதினாள். மெட்டு விஷ்ணுப்ரியா என்ற பெண்ணுடையது, தான் அதைக் கேட்டதே தெரியாமல் தன்னுடையது என்று நம்பிவிட்டேன், கிரீஷ் மேல் சொன்னது முழுக்கத் தவறு என்று, சுற்றி வளைக்காமல். எட்மண்ட் கும்பிடும் கையைப் போட்டார். அச்சுதன், தானும் அந்த விளம்பரத்தைத்தான் கேட்டிருக்கிறேன், மருமகன் அனுப்பினார் என்று நீளமாக எழுதினார். கிரீஷ் அந்தக் குழுவில் இல்லாததால் அவனுக்குத் தனியாக அனுப்பினாள்.

இரண்டு சனிக்கிழமை அவன் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரம் வந்தான். வழக்கமான இடத்தில் உட்காராமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். ஜென்சி வலிய வலியப் பேசினாள். அவனும் பதில் சொன்னான். சரோஜினி, "வாப்பா" என்றபோது தலையை அசைத்தான்.

அச்சுதன் வயலின் போட்டார். ஜென்சி அவள் சபை இளைஞர்கள் பாடியதைப் போட்டாள். எட்மண்ட் கிரீஷ் பக்கம் திரும்பினார்.

"இந்த வாரம் எதுவும் கேக்கல சார்."

"ஒண்ணுமே கேக்கலயா?"

"டைம் இல்ல சார்."

அவன் பையின் வெளி அறையிலிருந்து இயர்போன் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. ரயிலில் வரும்போது காதில் மாட்டியிருந்து இப்போதுதான் கழற்றியிருக்க வேண்டும். சரோஜினி அதைப் பார்த்தாள். தான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டானோ என்று சட்டென்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எட்மண்ட் அவனை வற்புறுத்தவில்லை. "சரி, சிஸ்டர், நீங்க போடுங்க" என்றார்.